நண்டு வளையை அடைக்காத குற்றத்துக்குப் பறிபோகும் எங்கள் தோட்டங்கள்

அனுப்புநர்:
தலைவி,
ஓடைக்கரை மகளிர் தோட்டக் குழு,
கடைசித் தெரு, படகுத்துறைக்குப் பின்புறம்.
("வாய்க்காரி வீடு" என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.)

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
காட்டை நம்பி வாழும் கரையோரக் குடும்பங்களுக்கான மாற்று வாழ்வாதாரத் திட்டம்,
தலைமை அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: அலட்சியம் என்று காரணம் காட்டி எங்கள் தோட்டத் துண்டுகளைத் திரும்பப் பெறும் உத்தரவை நிறுத்தி வைக்கவும், ஒழுகும் மண்கரையைச் சரிசெய்து இன்னொரு பருவம் பயிரிட விடவும், அது முடியாது என்றால் நாங்கள் ஒப்படைத்த காட்டு அனுமதி அட்டைகளைத் திருப்பித் தரவும் கோருவது தொடர்பாக.

பார்வை: எங்கள் குழுவின் கொட்டகைக் கதவில் ஒட்டப்பட்ட தங்கள் அலுவலக உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலக மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுபவரிடம் நான் சொல்லச் சொல்ல, அவர் முறைப்படி எழுதித் தரும் மனு இது. தேவையான இடங்களில் "பணிவுடன்" என்று தானே சேர்த்துவிடுவதாக அவர் சொல்லியிருக்கிறார். நான் கோபமாக இருக்கிறேன் என்பதை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஆகவே, நான் கோபமாக இருக்கிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. நாங்கள் ஓடைக்கு அப்பால் உள்ள அலையாத்திக் காட்டை நம்பிப் பிழைத்த குடும்பங்கள். கடலுக்குப் போகும் படகுக்காரர்கள் வேறு, நாங்கள் வேறு. எங்களிடம் படகும் இல்லை, பெரிய வலையும் இல்லை. நீர் வற்றும் நேரத்தில் முழங்கால் சேற்றில் இறங்கி, வேர்களுக்கு நடுவே நண்டு வளையைத் தேடிப் பிடித்து, நுனி வளைந்த கம்பியை உள்ளே விட்டு நண்டை இழுப்போம். வரும் வழியில் காய்ந்த சுள்ளி கிடைத்தால் பொறுக்குவோம். நீர் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடுவோம். காலையில் பிடித்த நண்டு மாலையில் அரிசியாகிவிடும். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. சேற்றுப்புண் ஆறாத எங்கள் கால்களைப் பார்த்தால் தங்களுக்கே புரியும். காட்டை விட்டுவிடச் சொன்னபோது, ஐயோ பிரிகிறோமே என்று எங்களில் யாரும் அழவில்லை.

2. காடு மெலிந்துவிட்டது, அதற்குக் கொஞ்ச காலம் ஓய்வு வேண்டும், நீங்கள் விவசாயத்துக்கு மாறுங்கள் என்று திட்டத்தின் ஆட்கள் வந்து சொன்னார்கள். காடு மெலிந்தது எங்கள் கண்ணுக்கும் தெரிந்ததுதான். காட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த தாழ்வான நிலத்தைச் சுற்றி மண்கரை எழுப்பி, மழைநீர் சேரக் குட்டை வெட்டி, குடும்பத்துக்கு ஒரு துண்டு என்று பிரித்துக் கொடுத்தார்கள். பதிலுக்கு நாங்கள் காட்டுக்குள் போகும் அனுமதி அட்டைகளை மேடையில் வைத்து ஒப்படைத்தோம். இனி நண்டைத் தொடமாட்டோம், மரத்தில் கை வைக்கமாட்டோம் என்று வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். அன்று ஒலிபெருக்கி பாதியில் நின்றுபோனதால் உறுதிமொழியை மறுபடியும் முதலிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். எங்களைப் போல இரண்டு தரம் கட்டுப்பட்டவர்கள் வேறு யாரும் தங்கள் திட்டத்தில் இருக்கமாட்டார்கள்.

3. எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் இளைஞரை அனுப்பினீர்கள். கடற்கரைக்கு வெகு தூரத்தில் பிறந்து வளர்ந்தவர். நல்ல பிள்ளை. அவர் மேல் எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை, இந்த மனுவை வைத்து அவரை யாரும் எதுவும் கேட்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாத்தி கட்டுவது, எரு மக்க வைப்பது, இலையின் அடிப்பக்கம் திருப்பிப் பூச்சி பார்ப்பது எல்லாம் அவர் சொல்லித் தந்ததுதான். நாங்கள் அவரைப் படுத்திய பாடு கொஞ்சம் அல்ல. ஆரம்பத்தில் நீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் தோட்டத்துக்குப் போனோம். எங்களுக்கு வேலை நேரம் என்றால் அது ஒன்றுதான். அந்த நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும் என்பதால், விடியலில் தண்ணீர் ஊற்றிய செடிக்குச் சில நாள் கழித்து உச்சி வெயிலில் ஊற்றிக்கொண்டிருந்தோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, செடிக்குக் கடலைத் தெரியாது, சூரியனைத்தான் தெரியும் என்று பொறுமையாக விளக்கினார்.

4. என் பக்கத்துத் துண்டுக்காரி என் நாத்தனார், அதாவது என் கணவரின் தங்கை. கணவனை இழந்தவள். இரண்டு பெண் பிள்ளைகளுடன் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே குடியிருக்கிறாள். என் கணவருக்குப் படகுத்துறையில் மூட்டை தூக்கும் வேலை அவ்வப்போது உண்டு. அவளுக்கு அதுவும் இல்லை, தோட்டம் ஒன்றுதான். அவள் வெண்டை நாற்று என்று நினைத்து ஒரு களைச்செடிக்கு முட்டுக் கொடுத்து வளர்த்தாள். அது அமோகமாக வளர்ந்தது. பயிற்சியாளர் அதைப் பிடுங்கியதற்காக அன்று முழுவதும் அவரிடம் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தெரியாதவர்கள் நாங்கள்.

எங்களுக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது காத்திருப்பதுதான். நண்டுக்குப் போனால் கிடைக்குமா, கிடைக்காதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். கத்தரிச் செடி அப்படிச் சொல்வதில்லை. இலை விடுகிறது, பூ விடுகிறது, பூவை உதிர்க்கிறது, மறுபடி பூக்கிறது. அதுவரை அடுப்பு என்ன செய்யும் என்று அதற்குக் கவலை இல்லை. கடன் சொல்லியும், அரை வயிறு சாப்பிட்டும் காத்திருந்தோம். முதல் கத்தரிக்காயைப் பறித்த அன்று நாத்தனார் அதைச் சமைக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அது சுருங்கும்வரை பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் தோழிகளைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பருவம் முடிந்தபோது நாங்கள் விவசாயிகள் என்று நாங்களே நம்பத் தொடங்கியிருந்தோம்.

5. இரண்டாம் பருவத்தில் மண்கரையின் ஓடைப் பக்கத்தில் நண்டு வளைகள் தோன்றின. உத்தரவில் உள்ள "அலட்சியம்" என்ற சொல் இங்கேதான் பிறக்கிறது, ஆகவே இந்தப் பத்தியைத் தாங்கள் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

வளையை அடைப்பது என்பது எங்கள் ஆட்கள் நினைத்துக்கூடப் பார்க்காத காரியம். நண்டை எடுத்த பிறகும், சரிந்த சேற்றை விரலால் ஒதுக்கி வளையின் வாயைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர்வோம். காலி வளையில் இன்னொரு நண்டு குடிவரும். மூடிய வளைக்கு எதுவும் வராது. இந்த வளை இன்னார் வீட்டுடையது என்றுகூட எங்களுக்குள் பேச்சு உண்டு. சம்பந்தம் பேசும்போது, அந்த வீட்டார் வளையை மிதித்துக்கொண்டு போகிறவர்களா என்று விசாரிப்பார்கள். இப்படி வளர்ந்தவர்களிடம் புதுக் கரையில் புது வளைகளைக் காட்டினால் என்ன செய்வோம்? சந்தோஷப்பட்டோம். நாம் காட்டை விட்டாலும் நண்டு நம்மை விடவில்லை என்று நாத்தனார் ஓடி வந்து சொல்லிச் சிரித்தாள். களை எடுக்கப் போகும்போது வளைகளில் கால் படாமல் சுற்றிக்கொண்டு போனோம். மழைக்கு மூடிக்கொண்ட சில வளைகளை நானே குச்சியால் திறந்து விட்டேன். மனு எழுதுபவர் இந்த வரியை விட்டுவிடலாம் என்றார். இருக்கட்டும் என்றேன்.

6. உறுதிமொழிக்குக் கட்டுப்பட்டு அந்த நண்டுகளில் ஒன்றைக்கூட நாங்கள் பிடிக்கவில்லை. கை நீட்டினால் கிடைக்கும் தூரத்தில் கொழுத்த நண்டுகள் எங்களைப் பார்த்துக் கண்ணை ஆட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் வெறும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தோம். அந்தச் சமயத்தில் பார்வையிட வந்த தங்கள் மேற்பார்வையாளர் இதைக் கேட்டு மிகவும் மகிழ்ந்தார். நாத்தனாரைக் கரையில், ஒரு வளைக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லிப் படம் எடுத்தார். முந்தானையைச் சரிசெய்யச் சொல்லி இன்னொன்றும் எடுத்தார். அந்தப் படம் இப்போது தங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், வரவேற்பு மேசைக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. "இயற்கையோடு இணைந்த விவசாயம்" என்று கீழே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. தாங்கள் மாடி ஏறும்போது தினமும் அதைக் கடந்துதான் போகிறீர்கள். அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் தெரியும் கறுப்பு வட்டம்தான், உத்தரவில் சொல்லப்படும் அடைக்கப்படாத வளை. படம் எடுத்த கையும் உத்தரவுக்கு அறிக்கை எழுதிய கையும் ஒரே கை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

7. பௌர்ணமியை ஒட்டிப் பெருநீர் ஏறிய நாளில் கரை ஒழுகத் தொடங்கியது. வெளிப்பக்கம் விரல் நுழையும் வளையாகத் தெரிந்தது உள்ளே கரையைத் துளைத்துக்கொண்டு தோட்டம்வரை வந்திருந்தது. முதலில் கரையடியில் தண்ணீர் கசிந்தது. பிறகு ஓர் இடத்தில் கரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. உப்புத் தண்ணீர் பாத்திகளுக்குள் வந்தது. நாங்கள் எல்லாரும் ஓடி, கிடைத்த சாக்கில் எல்லாம் மண்ணை அள்ளி உடைப்பை அடைத்தோம். சாக்கு போதாமல் நாத்தனார் தலையணை உறைகளைக் கொண்டுவந்தாள். தண்ணீர் நின்றது, ஆனால் வந்த தண்ணீர் வந்ததுதான். அடுத்து வந்த நாட்களில் வெண்டை இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டியது போலக் கருகிச் சுருண்டது. கத்தரி காயோடு நின்று வாடியது. குட்டைத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. இனி அதைச் செடிக்கும் ஊற்ற முடியாது. அன்று நான் பாத்தியில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழத் தெரியாது என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்வார்கள்.

8. வளைதான் காரணம் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. உடனே அடைக்கத் தொடங்கினோம். முதல் வளையில் களிமண்ணை வைத்து அழுத்தும்போது என் கை கூசியது. உள்ளே இருக்கும் நண்டு வேறு விரலுக்கடியில் அசைந்தது. நாத்தனாரால் முடியவில்லை. அவள் மண் பிசைந்து கொடுத்தாள், நான் அடைத்தேன். ஆனால் ஒரு வளையை அடைத்தால் நண்டு பக்கத்தில் இன்னொன்று தோண்டிவிடும். அதற்கு உறுதிமொழி எதுவும் இல்லை. நண்டுகளைப் பிடித்து அப்புறப்படுத்தினால்தான் கரை நிற்கும், ஆனால் பிடித்தால் நாங்கள் உறுதிமொழியை மீறியவர்கள் ஆவோம். இதற்கு அனுமதி கேட்டு அலுவலகத்துக்கு வந்தோம். மேற்பார்வையாளர் வெளியில் போயிருப்பதாகச் சொன்னார்கள். மறுநாள் வந்தோம், கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். அதற்கு அடுத்த முறை வந்தபோது, நண்டு சம்பந்தப்பட்டது என்றால் வன அலுவலகத்துக்குப் போங்கள் என்றார்கள்.

9. கடைசியில் மேற்பார்வையாளர் வந்தார். காலைத் தேநீர் முடிந்து, ஓடையில் நீர் முழுவதும் வற்றிக் கிடந்த வேளையில் வந்தார். வற்றிய நேரத்தில் எந்தக் கரையும் ஒழுகாது. உடைப்பை நாங்களே சாக்குப் போட்டு அடைத்து, மேலே மண் பூசி மெழுகியிருந்ததால் அதுவும் பார்வைக்கு ஒழுங்காக இருந்தது. நீர் ஏறும்வரை இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினோம். உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டோம். மதியம் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். செருப்பில் சேறு படாமல் கரையின் மேலேயே நடந்து, குனிந்து வளைகளை மட்டும் பார்த்தார். கரை நல்ல நிலையில் உள்ளது, வளைகள் அடைக்கப்படவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். நாங்கள் ஓடி ஓடி அடைத்த உடைப்பே எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

10. அதன் பிறகு வந்ததுதான் உத்தரவு. பயனாளிகள் வளைகள் இருப்பதை அறிந்திருந்தும் அடைக்காமல் அலட்சியமாக இருந்து நிலத்துக்குச் சேதம் விளைவித்தார்கள் என்றும், விவசாயத்தில் ஆர்வமில்லாதவர்கள் என்று கருதி இந்த மாத இறுதியில் துண்டுகள் திரும்பப் பெறப்பட்டு, ஆர்வமுள்ள வேறு குழுவினருக்கு வழங்கப்படும் என்றும் அதில் உள்ளது. அலட்சியம் என்று சொன்னதைக்கூட நான் வாங்கிக்கொள்வேன். ஆர்வமில்லாதவர்கள் என்ற சொல்லை மட்டும் எப்படி விழுங்குவது என்று தெரியவில்லை. தலையணை உறையில் மண் அள்ளிக் கொட்டியவளுக்கு ஆர்வம் இல்லை என்று இரண்டாம் மாடியில் உட்கார்ந்து யார் முடிவு செய்தார்கள் என்று பணிவுடன் கேட்கிறேன். அந்தப் "பணிவுடன்" மனு எழுதுபவர் சேர்த்தது.

11. பயிற்சியாளர் இதற்கு நடுவில் வேறு ஊருக்கு மாற்றப்பட்டுவிட்டார். விஷயம் கேள்விப்பட்டுத் தன் சொந்தச் செலவில் பேருந்து ஏறி எங்களைப் பார்க்க வந்தார். கருகிய பாத்திகளுக்கு நடுவே இறங்கி, ஓர் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்: "அக்கா, கரையில வளை இருக்குறத நானும் பாத்தேன். நண்டைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்." நான் அவரிடம் சொன்னதையும் எழுதச் சொல்கிறேன்: "கரையைப் பத்தி உங்களுக்குத் தெரியாததான்னு நாங்க விட்டுட்டோம் தம்பி." இவ்வளவுதான் ஐயா நடந்தது. அவர் ஊரில் கரையைத் துளைக்கும் நண்டு கிடையாது. எங்கள் காட்டில் காக்க வேண்டிய கரை கிடையாது. பயிற்சிப் புத்தகத்தில் எலிக்கு ஒரு பக்கம், நத்தைக்கு ஒரு பக்கம், கிளிக்குக்கூட அரைப் பக்கம் இருக்கிறது. கடலோரத்தில் தோட்டம் போடச் சொல்லிக் கொடுத்த புத்தகத்தில் நண்டு என்ற சொல்லே இல்லை. இதை அலட்சியம் என்று சொன்னால், யாருடைய அலட்சியம் என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

12. தோட்டம் போனால் பழைய அட்டையாவது கிடைக்குமா என்று வன அலுவலகத்தில் கேட்டோம். அங்கே இருந்த எழுத்தர் நல்லவிதமாகத்தான் பேசினார். நீங்கள் இப்போது விவசாயிகள், காட்டை நம்பி வாழ்பவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை, ஆகவே அட்டை தர வழியில்லை என்றார். தங்கள் அலுவலகத்துக்கு வந்து அதையே சொன்னோம். நீங்கள் விவசாயிகள் இல்லை என்பதால்தானே நிலத்தைத் திரும்ப எடுக்கிறோம் என்று இங்கே இருந்த எழுத்தர் சொன்னார். இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் ஒரு தெருதான் இருக்கிறது. அந்தத் தெருவில் நாங்கள் எத்தனை முறை போய் வந்திருக்கிறோம் என்று அங்கே உள்ள பழக்கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். இப்போதெல்லாம் எங்களைப் பார்த்தவுடன் பெஞ்சைத் துடைத்துப் போடுகிறார்.

13. நிலம் செத்துவிட்டது என்றும் தங்களிடம் சொல்லியிருப்பார்கள். சாகவில்லை. அண்மையில் நல்ல மழை பெய்தது. பயிற்சியாளர் வந்தபோது சொல்லிவிட்டுப் போனபடி, மழைத் தண்ணீரைப் பாத்தியில் தேக்கி, ஊறவிட்டு, மதகு வழியாக ஓடையில் வடியவிட்டோம். மறுபடி தேக்கினோம், மறுபடி வடியவிட்டோம். மேட்டுப் பக்கத்துப் பாத்திகளில் தட்டைப்பயறு ஊன்றினோம். முளைத்திருக்கிறது. எல்லாம் முளைக்கவில்லை, முளைத்ததிலும் சில மஞ்சளாக நிற்கின்றன, ஆனால் பச்சையாக இருப்பவையும் இருக்கின்றன. உத்தரவு வந்த பிறகுதான் அவற்றை ஊன்றினோம். எடுத்துக்கொள்ளப் போகிற நிலத்தில் எதற்கு விதைக்கிறாய் என்று என் கணவர் கேட்டார். கையில் விதை இருந்தது, ஊன்றினேன்.

14. ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். மாத இறுதியில் நிலத்தை எடுக்கும் உத்தரவை நிறுத்தி வைக்க வேண்டும். கரையில் குடியேறிய நண்டுகளை மட்டும் பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விட எங்களுக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். அவற்றை விற்கமாட்டோம், கூட ஒரு காவலரை வேண்டுமானாலும் அனுப்புங்கள். கரையின் வெளிப்பக்கத்தைக் களிமண் போட்டு இறுக்க மண்ணும் வண்டியும் தந்தால் போதும், வேலையை நாங்களே செய்துகொள்கிறோம். தாங்கள் ஒருமுறை நேரில் வர வேண்டும், வரும்போது நீர் ஏறும் நேரத்தில் வர வேண்டும். என்றைக்கு எப்போது ஏறும் என்று நாங்கள் சொல்கிறோம். இவை எதுவும் முடியாது என்றால் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அட்டைகள் வேண்டும் என்று நாங்கள் ஆசைப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எங்களுக்குத் தோட்டம்தான் வேண்டும்.

15. இதற்குக் கீழே உள்ளதை எழுத மனு எழுதுபவர் மறுத்துவிட்டார். அம்மா, இதை எழுதினால் மனு நிற்காது, உங்களுக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆகவே அவரிடம் பேனாவை வாங்கி என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

மனுவோடு இணைத்த தாளில் குழுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். என் நாத்தனார் மட்டும் போடவில்லை. அவள் இந்த நேரத்தில் காட்டுக்குள் இருக்கிறாள். அட்டை இல்லாமல் போயிருக்கிறாள். வீட்டில் அரிசி தீர்ந்துபோய்விட்டது, என் வீட்டிலிருந்து கொடுத்த அரிசியும் தீர்ந்துவிட்டது. இவ்வளவு நாள் பொறுத்தவள் இன்று காலையில் கூரை எரவாணத்தில் செருகியிருந்த நண்டுக் கம்பியை எடுத்தாள்.

எங்கள் ஆட்கள் காட்டுக்குள் தனியாகப் போவதில்லை. சேற்றில் ஒருவர் கால் சிக்கினால் இழுத்துவிட இன்னொருவர் வேண்டும், இல்லையென்றால் நீர் ஏறிவிடும். எப்போதும் நானும் அவளும்தான் சேர்ந்து போவோம். இன்று நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். அவள் வாசலை மறித்து நின்று சொன்னாள்: "வேணாம் அண்ணி. மனு குடுக்குற கையில சேறு இருக்கக் கூடாது. நீங்க ஆபீசுக்குப் போங்க." அவள் பேச்சைக் கேட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். நீர் ஏறுவதற்குள் அவள் வந்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

அவள் செய்தது குற்றம் என்று எனக்குத் தெரியும். உறுதிமொழி எடுத்த மேடையில் அவளுக்குப் பக்கத்தில்தான் நான் நின்றேன். அவள் மேல் வழக்குப் போடுவதானால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இனி அவளைத் தனியாக அனுப்பமாட்டேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திருட்டுத்தனமாகப் போக எனக்கு மனம் வரவில்லை, அதனால் முன்கூட்டியே எழுதித் தருகிறேன்.

நாளைக் காலை நீர் வற்றத் தொடங்குவதற்குள் தங்களிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால், நாங்கள் இருவரும் மண்வெட்டியோடு கரையில் இருப்போம். வராவிட்டால், கம்பியோடு காட்டுக்குள் இருப்போம். தங்கள் ஆட்கள் எங்களைத் தேடி அலைய வேண்டாம்.

இதில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்று,

(கையொப்பம்)
தலைவி,
ஓடைக்கரை மகளிர் தோட்டக் குழு

இடம்: தலைமை அலுவலகம், கீழ்த்தளம்
நாள்: திங்கட்கிழமை

இணைப்பு: குழு உறுப்பினர்களின் கையொப்பங்களும் கைரேகைகளும். ஓர் இடம் காலியாக விடப்பட்டுள்ளது, அவள் திரும்பி வந்ததும் வந்து போடுவாள்.